கருமாதியாகாத கணக்கு வாத்தியார்

நெடுங்கரிசல் ஊரில் மோட்டார் கம்பெனியின் சங்கு ஊதினால்தான் உலையில் அரிசி விழும், சங்கு ஊதினால்தான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டம் பிடிப்பார்கள், சங்கு ஊதாத நாளில் கோழிகூட எப்போது அடைவது என்று தெரியாமல் தெருவில் நின்று யோசிக்கும் என்பார்கள். காட்டுக் கிணறுகளில் தண்ணீர் இறைக்கிற மோட்டார் செய்யும் அந்தக் கம்பெனி அரசாங்கத்துக்குச் சொந்தம், அரசாங்கம் ஜனங்களுக்குச் சொந்தம் என்று வாசல் வளைவில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது, ஆனால் வருஷத்துக்கு வருஷம் வளர்ந்துகொண்டே போன நஷ்டம் ஒன்றுதான் ஜனங்களின் பங்குக்கு வந்து சேர்ந்தது.

அந்தக் கம்பெனியின் கணக்கைக் கேள்வி கேட்பதற்கென்றே தணிக்கைக் குழு என்று ஒன்று இருந்தது. அதில் ஒருவர் நிர்வாக இயக்குநரோடு ஒரே காரில் வந்து ஒரே காரில் போகிறவர், இன்னொருவர் அமைச்சருக்குச் சம்பந்தி, மூன்றாமவர் தலைநகரத்து அதிகாரி, அவர் முகத்தை ஊரில் யாரும் பார்த்ததில்லை. அவர்கள் கூடுவதும் தெரியாது, கலைவதும் தெரியாது, நடுவில் வந்த முந்திரிப் பக்கோடாவின் வாசம் மட்டும் மாடிப்படி வழியாக இறங்கிப் பட்டறைவரைக்கும் வரும். மார்ச் மாதத்தில் விற்றுவிட்டதாக எழுதப்பட்ட மோட்டார்கள் ஏப்ரலில் அதே லாரியில் திரும்பி வருவதைப் பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், குழுவில் இருந்தவர்கள் யாரும் பார்க்கவில்லை.

பிறகு எங்கிருந்தோ ஒரு சட்டம் வந்தது: குழுவில் ஒருவராவது கணக்குப் படித்தவராக இருக்க வேண்டும், கம்பெனியோடு கொடுக்கல் வாங்கல் இல்லாதவராக இருக்க வேண்டும். அப்படி ஒரு ஆளை எங்கே தேடுவது என்று மேலிடம் அலுத்துக்கொண்டு, உள்ளூர்க் கல்லூரியில் வணிகவியல் நடத்தி ஓய்வு பெற்றிருந்த இருளப்பனின் பெயரை எழுதிக்கொண்டது. அடங்கிப் பேசுகிறவர், பிள்ளையில்லாதவர், மனைவியோடு சாயங்காலம் கோயிலுக்குப் போய் வருகிறவர், இவரால் என்ன தொந்தரவு வந்துவிடும் என்று நினைத்துத்தான் அவரைப் போட்டார்கள்.

இருளப்பன் சத்தம் போடவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு கேள்வியைத்தான் கேட்டார். "இந்தச் சரக்கு கிடங்குல இருக்குன்னு எழுதியிருக்கு. நான் போய்ப் பார்க்கலாமா?" கேட்டுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டும் வந்தார். இருக்கிறது என்று எழுதியது இல்லாமல் இருந்தது, விற்றது என்று எழுதியது விற்காமல் இருந்தது. அவர் கேட்கக் கேட்க, திரும்பி வரும் லாரிகள் நின்றன, பாதி விலைக்குப் போய்க்கொண்டிருந்த செம்புக் கம்பிக்கு முழு விலை வந்தது, கம்பெனி கண்விழித்த நோயாளியைப் போல முதலில் கஞ்சி குடித்தது, பிறகு எழுந்து உட்கார்ந்தது. இனி நடக்கும் என்று ஊர் நம்பத் தொடங்கிய ஐப்பசி மாதத்தில் ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருந்த இருளப்பன் மார்பைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் சாய்ந்தார். அவர் மனைவி சண்முகத்தாய் ஓடிப் போய்த் தலையை மடியில் எடுப்பதற்குள் உயிர் போய்விட்டிருந்தது.

தகனம் ஆனது, எலும்பு பொறுக்கிக் கலயத்தில் கட்டி வேம்பில் தொங்கவிட்டார்கள், பதினாறாம் நாள் கருமாதிக்குச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார்கள். அதற்கு இடைப்பட்ட ஒரு புதன்கிழமை தணிக்கைக் குழு கூடியது. கம்பெனி செக்ரட்டரி வசுந்தரா இரங்கல் தீர்மானத்தை வாசிக்க எழுந்து நின்றபோது இருளப்பன் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, தாமதத்துக்கு மன்னிக்கச் சொல்லி, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூன்றாவது பக்கத்தில் உள்ள தொகை எப்படி வந்தது என்று கேட்டார்.

வசுந்தரா இரங்கல் தாளை மடித்து ஃபைலுக்கு அடியில் வைத்தாள். நிர்வாக இயக்குநர் தொகை எப்படி வந்தது என்று தேடத் தொடங்கினார். வேறென்ன செய்ய முடியும்? கூட்டம் முடிந்ததும் இருளப்பன் எழுந்து கதவுவரைக்கும் போனார், கதவுக்கு அந்தப் பக்கம் அவர் இல்லை. அவருக்கு வைத்த டீ மட்டும் ஆடை படிந்து ஆறிக் கிடந்தது.

சட்டம் தெரிந்த வக்கீலிடம் கேட்டார்கள். அரசாணையில் பதவிக்காலம் முடியும்வரை என்றுதான் இருக்கிறது, உயிர்க்காலம் முடியும்வரை என்று இல்லை. எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்கிற மனிதரை வரவில்லை என்று எழுத எந்தச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை என்று அவர் எழுத்திலேயே கொடுத்துவிட்டார்.

அன்று மாலைக்குள் செய்தி ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. யாரும் பயப்படவில்லை. கணக்கு வாத்தியார் உயிரோடு இருந்தபோதும் ஒரு வகுப்புக்கும் வராமல் இருந்ததில்லை என்று அவரிடம் படித்தவர்கள் சொன்னார்கள். ஆனால் தொழிற்சங்கத் தலைவர் ஞானமுத்து மட்டும் அன்றைக்குச் சாப்பிடவில்லை, மறுநாள் காலையில் பட்டறை ஆட்களையும் பூசாரியையும் கூட்டிக்கொண்டு சண்முகத்தாய் வீட்டு முற்றத்துக்கு வந்து நின்றார்.

"அம்மா, கேக்குறதுக்கே நாக்கூசுது," என்றார் ஞானமுத்து. "கருமாதியக் கொஞ்சம் தள்ளி வைக்கணும்."

"எதுக்கு?"

"எலும்பு தண்ணியில கரைஞ்சிட்டா சார் அப்புறம் வர மாட்டாகளாம். பூசாரி சொல்றாரு. சார் வரலைன்னா பழைய லாரிகளெல்லாம் திரும்ப வந்துரும்மா."

சண்முகத்தாய்க்கு லாரியைப் பற்றி யோசிக்கத் தோன்றவில்லை, அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்ப நான் போனா அவுகளப் பாக்கலாமா?"

அடுத்த கூட்டத்துக்கு அவளைக் கூட்டிப் போய்க் கூட்ட அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவள் விடியற்காலையிலேயே குளித்துக் காய்ந்த தலையோடு வந்திருந்தாள். இருளப்பன் மாடிப்படியின் கடைசித் திருப்பத்தில் தோன்றி, கையில் காகிதங்களோடு, நெற்றியில் திருநீறோடு, அவள் சேலையை உரசுகிற தூரத்தில் நடந்து வந்தார். "ஏங்க," என்றாள். அவர் நிற்கவில்லை. "ஏங்க, நான்தான்," என்றாள். அவர் கதவைத் திறந்து உள்ளே போய்விட்டார். உள்ளே அவர் குரல் கேட்டது, அதே குரல், வாக்கியத்தின் முடிவில் லேசாகக் கமறுகிற குரல், அது தேய்மானத்தைப் பற்றியும் கடன் வட்டியைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தது. அவர் குழு உறுப்பினராக மட்டும்தான் வந்தார், புருஷனாக வரவில்லை. அது விளங்கியபோது சண்முகத்தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், ஏனென்றால் உள்ளே கூட்டம் நடந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு அவளை அழ யாரும் விடவில்லை. வாத்தியார் வந்து போகிறவராயிற்றே, அவர் பெண்டாட்டி எப்படித் தாலியறுத்தவள் ஆவாள் என்று பெண்கள் கூடி முடிவு செய்து, அவள் நெற்றிப் பொட்டை அழிய விடாமல், தினம் ஒரு வீட்டிலிருந்து அவளுக்கு மல்லிகைச் சரம் அனுப்பினார்கள், கல்யாணங்களில் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள், ஆரத்தித் தட்டை அவள் கையில்தான் கொடுத்தார்கள். துக்கம் கேட்க வெளியூரிலிருந்து வந்த உறவினர்களைப் பஸ் நிறுத்தத்திலேயே மடக்கி, காப்பி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கூட்டம் நடக்கிற நாளில் அவளைக் கூட்டிப் போய்ப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள், கம்பெனி ரோடு முழுக்கக் கோலம் போட்டார்கள், ஒலிபெருக்கியை அணைத்தார்கள், நாய்களைக் கட்டி வைத்தார்கள். பிள்ளை பெற்றவர்கள் இருளப்பன் என்று பேர் வைத்தார்கள். சாயங்காலம் ஆனால் எல்லா வீட்டிலும் விளக்கெரிய, சண்முகத்தாய் மட்டும் பூ வைத்த தலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள், அழுகை தொண்டைவரைக்கும் வரும், அடுத்த வீட்டுக்காரி எட்டிப் பார்த்து "அழுகாதீக மதினி, அவுக வருத்தப்பட்டு வராமப் போயிருவாக" என்பாள், அழுகை மறுபடி உள்ளே போய்விடும்.

கம்பெனி நடந்தது, பிறகு ஓடியது. லாபம் என்கிற சொல்லை அதன் அறிக்கையில் அச்சடித்தபோது அச்சகத்தில் அந்த எழுத்துகளைத் தேட வேண்டியிருந்தது என்று ஊரில் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டார்கள். புதுப் பட்டறை எழுந்தது, கூரை வீடுகள் ஓட்டு வீடுகளாயின, வெளியூர்ப் பஞ்சாலைக்குப் போன பெண்கள் திரும்பி வந்து செம்புக் கம்பி சுற்றும் பிரிவில் சேர்ந்தார்கள். நிர்வாக இயக்குநர்கள் மாறி மாறி வந்தார்கள். வந்தவர்கள் முதல் கூட்டத்தில் விறைத்துப் போய், இரண்டாம் கூட்டத்தில் பழகி, மூன்றாம் கூட்டத்துக்குள் சரியான கணக்கு எழுதக் கற்றுக்கொண்டார்கள். செத்த மனிதரை ஏமாற்றுவது கடினம், அவரிடம் கொடுப்பதற்கும் எடுப்பதற்கும் எதுவும் இல்லை.

ஆனால் இருளப்பன் தேய்ந்துகொண்டு வந்தார். முதல் வருஷம் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு வந்தவர் அடுத்த வருஷம் செருப்பில்லாமல் வந்தார். பிறகு குரல் மெலிந்தது, பக்கத்தைப் புரட்டினால் விரல் காகிதத்துக்குள்ளே போனது, ஜன்னல் திறந்திருந்தால் அவர் நாற்காலியின் முதுகு அவர் வழியாகவே தெரிந்தது. ஒரு நாள் கூட்டம் முடிந்ததும் வசுந்தரா வெளியே வந்து பெஞ்சில் சண்முகத்தாயின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அம்மா, சார் இன்னைக்கு என்கிட்ட ஒரு கேள்வி கேட்டார். கணக்குல இல்லாத கேள்வி."

"என்ன கேட்டாக?"

"இன்னும் எத்தனை கூட்டம் பாக்கின்னு கேட்டார்."

சண்முகத்தாய் நேராக வீட்டுக்குப் போய், வேம்பில் தொங்கிய கலயத்தை அவிழ்த்துக் கீழே வைத்து, விடிந்ததும் கருமாதி என்று பூசாரிக்குச் சொல்லி அனுப்பினாள். ஆனால் பூசாரி வரவில்லை, பெண்கள்தான் வந்தார்கள். முற்றம் நிறைந்து தெருவும் நிறைந்தது. கடைசியில் கம்பி சுற்றும் மாரிக்கனி, புருஷன் விட்டுப் போனவள், முன்னால் வந்து நின்றாள்.

"அக்கா, என் மகளுக்குத் தை மாசம் கல்யாணம். எனக்கு அந்தக் கம்பெனிய விட்டா நாதி கிடையாது. இந்த ஒரு வருஷக் கணக்கு மட்டும் அவுக பார்த்துக் குடுத்துரட்டுமே."

"அவுக களைச்சுப் போயிட்டாக மாரிக்கனி."

"தெரியும்க்கா. எனக்குத் தெரியாதா," என்று சொல்லி மாரிக்கனி அந்த மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

சண்முகத்தாய் அவளைப் பார்த்தாள், அவளுக்குப் பின்னால் நின்ற அத்தனை பேரையும் பார்த்தாள். பிறகு கலயத்தை எடுத்துப் போய் மறுபடி வேம்பில் கட்டினாள். ஞானமுத்து வந்து முடிச்சைப் போட்டுக் கொடுத்தார். அந்த வருஷம் அடுத்த வருஷம் ஆனது, அதற்கும் ஒரு கல்யாணமோ ஒரு பிரசவமோ காரணமாக இருந்தது, அவளும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

இருளப்பனை எதனாலும் அசைக்க முடியாது என்று ஊர் நம்பியிருந்தது. அவரை அசைத்தது ஒரே பக்கத்தில் அடங்கிய ஓர் அரசாணை. தணிக்கைக் குழு திருத்தியமைக்கப்படுகிறது என்று அதில் இருந்தது. புது உறுப்பினர்கள் மூவர், ஒருவர் நிர்வாக இயக்குநரின் வகுப்புத் தோழர், ஒருவர் கம்பெனிக்கு இரும்பு கொடுக்கிறவரின் மைத்துனர், மூன்றாமவர் மேடைப் பேச்சாளர். மூவரும் சார்பற்றவர்கள் என்று மூவருமே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். இருளப்பனின் பெயர் இல்லை. பதவிக்காலம் நீட்டப்படவில்லை என்று எழுதக்கூட யாரும் மெனக்கெடவில்லை.

அவருக்கு அது தெரியாது. வழக்கம்போலக் கூட்டத்துக்கு வந்தார். அவருக்கு நாற்காலி இல்லாததால் சுவரோரம் நின்றார். புதியவர்கள் அவரைப் பார்த்தார்கள், பிறகு பார்க்கவில்லை. "இந்தச் சரக்கை நான் போய்ப் பார்க்கலாமா?" என்று அவர் கேட்டதும் மேடைப் பேச்சாளர் மின்விசிறியைக் கூட்டி வைக்கச் சொன்னார். டீ ஆறுவதற்குள் வருஷக் கணக்கு நிறைவேறியது. நிர்வாக இயக்குநர் மூவருக்கும் சால்வை போர்த்தினார், வியர்த்துப்போன ஒருவர் சால்வையைக் கழற்றி எங்கே மாட்டுவது என்று தேடி இருளப்பனின் தோளில் மாட்டிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு இருளப்பன் அந்த அறையை விட்டுப் போகவில்லை. சுவரோரம் நின்றபடியே இருந்தார். பெருக்குகிறவள் அவர் காலைச் சுற்றிப் பெருக்கப் பழகிக்கொண்டாள். அறைக்கு வருகிறவர்கள் அவருக்கு வணக்கம் சொன்னார்கள், பிறகு அதுவும் நின்றது. ஊர் வழக்கம்போலத்தான் இருந்தது, ஆனால் சண்முகத்தாய் வீட்டுக்கு மல்லிகை வருவது குறைந்து, விட்டு விட்டு வந்து, நின்றுபோனது. பெஞ்சில் உட்கார அவளைக் கூப்பிடவும் யாரும் வரவில்லை. அவள் என்ன நடந்தது என்று தெரியாமல் வீட்டிலேயே இருந்தாள். கடைசியில் வசுந்தராதான் தாங்க முடியாமல் ஒரு நண்பகலில் வந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

இரண்டு பேரும் வெயிலில் நடந்தே கம்பெனிக்குப் போனார்கள். கூட்ட அறை காலியாக இருந்தது. இருளப்பன் தோளில் சால்வையோடு, சுவரைவிடக் கொஞ்சம்தான் நிறம் கூடியவராக நின்றுகொண்டிருந்தார். சண்முகத்தாய் முதலில் அந்தச் சால்வையை எடுத்து மேசைமேல் எறிந்தாள்.

"ஏங்க."

அவர் பார்வை காலி நாற்காலிகளின் மேலேயே இருந்தது.

"அன்னைக்கு யாரும் முடிச்சு வைக்கல, அவருக்குக் கூட்டம் இன்னும் முடியலம்மா," என்றாள் வசுந்தரா. "முடிஞ்சதுன்னு தலைவர் இடத்திலேர்ந்து யாராவது சொல்லணும்."

சண்முகத்தாய் தலைவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அது சுழல்கிற நாற்காலி, அவளை ஒரு பக்கமாகத் திருப்பியது, மேசையைப் பிடித்துக்கொண்டு நேரானாள். "கூட்டம் முடிஞ்சிருச்சு," என்றாள்.

இருளப்பன் மெல்லத் திரும்பினார். "என் ஆட்சேபம்?"

வசுந்தரா பேனாவை எடுத்தாள். "சொல்லுங்க சார். எழுதறேன்."

அவர் சொன்னார். எந்தக் கிடங்கு, எந்த மோட்டார்கள், யாருடைய இரும்பு என்று நிறுத்தி நிறுத்தி, வகுப்பில் பாடம் சொல்வது போலச் சொன்னார். வசுந்தரா ஒரு வார்த்தை விடாமல் எழுதித் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்திட்டாள். அதற்காகப் பின்னால் அவளைக் கடலோரத்தில் ஒரு மூலைக்கு மாற்றினார்கள், எழுதியதை மேலே யாரும் படிக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தில் இருளப்பன் பாரம் இறக்கியவரைப் போல மூச்சு விட்டு, நிமிர்ந்து, நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார்.

"சம்முகம், நீ எப்ப வந்த?"

இத்தனை வருஷமாக ஒரு கூட்டம் விடாமல் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் சொன்னாள்: "இப்பத்தான் வந்தேன்."

"இந்த வெயில்லயா? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"ரொம்ப இழுத்துட்டாங்க," என்றார் அவர். "நானும் எப்ப விடுவாங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

சண்முகத்தாய் மேசையைப் பிடித்துக்கொண்டாள். "அவுக இல்ல. நான்தான் உங்களப் போக விடாம வச்சிருந்தேன். கருமாதி செய்யல. ஊரு கேட்டுச்சு, நானும் சரின்னுட்டேன்."

"நீயா?" என்றார் இருளப்பன். அவர் முகத்தில் வெகுகாலமாக இருந்த சுளிப்பு ஒன்று விலகியது. "நான் கவர்மெண்டுன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். நீன்னா சரிதான்."

இரண்டு பேரும் சேர்ந்து மாடிப்படி இறங்கினார்கள். அவர் கை அவள் கைக்குள் குளிராமலும் சுடாமலும் இருந்தது. கூட்டத்துக்கு வந்துபோன வருஷங்களைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை, அந்த வருஷம் மழை எப்படி என்று மட்டும் கேட்டார், அவள் நல்ல மழை என்றாள். கடைசிப் படியில் கால் வைத்தபோது அவள் விரல்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

மறுநாள் கண்மாய்க் கரையில் கருமாதி நடந்தது. கொழுந்தன் மகன் மொட்டையடித்துப் பிண்டம் வைத்தான். வசுந்தராவும் ஞானமுத்துவும் மட்டும் வந்திருந்தார்கள். ஞானமுத்து சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர், ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்புத் தண்ணீரில் இறங்கி, எலும்பு கரைகிறவரைக்கும் கூடவே நின்றார். சண்முகத்தாய் பொட்டை அழித்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். இப்போது அழலாம், தடுக்க யாருமில்லை, ஆனால் அத்தனை வருஷம் உள்ளே தள்ளித் தள்ளி அழுகைக்கு வழி மறந்து போயிருந்தது.

லாரிகள் திரும்பி வரத் தொடங்கின. அறிக்கையில் லாபம் முன்னைவிடப் பெரிதாகத்தான் அச்சாகியிருந்தது, மோட்டார்தான் இல்லை. அடுத்த கோடையில் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள், சங்கைக் கழற்றி எடைக்குப் போட்டார்கள். குழுவைத் திருத்தியமைத்தவர்களை ஊரில் யாருக்கும் தெரியாது, அவர்கள் வெகுதூரத்தில் இருந்தார்கள். சண்முகத்தாய் பக்கத்தில் இருந்தாள். "இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா கம்பெனி நின்னுருக்கும், அவசரப்பட்டுக் கரைச்சுட்டா," என்று ரேஷன் கடை வரிசையில் அவள் காதுபடவே பேசினார்கள். அவள் இல்லை என்று சொல்லவில்லை. மண்ணெண்ணெய் டின்னை மறு கைக்கு மாற்றிக்கொண்டு வரிசையில் நின்றாள்.

வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. திருப்பூருக்குப் போகிற பஸ் தினம் காலையில் ஊருக்குள் வந்து, மூட்டை முடிச்சோடு நிற்கிறவர்களை ஏற்றிக்கொண்டு போனது. அப்படி ஒரு காலையில் மாரிக்கனியும் மூட்டையோடு கிளம்பி, பஸ் நிறுத்தத்துக்குப் போகிற வழியில் சண்முகத்தாய் வீட்டு வாசலில் நின்றாள்.

"போயிட்டு வரேன்க்கா."

"மக நல்லா இருக்காளா?"

"இருக்கா. மாசமா இருக்கா." மாரிக்கனி அதற்கு மேல் போகாமல் நின்றாள். "அக்கா, ஊரு உங்களப் பேசுறதக் கேட்டேன். அன்னைக்கு நான்தான உங்கள முற்றத்துல வந்து மறிச்சேன். செத்தவுகளுக்கு அழக்கூட விடாம உங்கள வச்சிருந்தோமே."

"வச்சிருந்தீக," என்றாள் சண்முகத்தாய். "பஸ்ஸு வந்துரும், நீ கிளம்பு."

மாரிக்கனி மூட்டையைத் தெருவிலேயே இறக்கி வைத்தாள். உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்திருந்தவளுக்கு எதிரே முழந்தாளிட்டு, எழவு வீட்டுக்கு முதல் ஆளாக வருகிறவள் கட்டிக்கொள்வது போல அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தோளில் தலை சாய்த்து, "என்னப் பெத்த அய்யா, எங்கள விட்டுப் போனீகளே" என்று மெதுவாக இழுத்து ஆரம்பித்தாள். சண்முகத்தாயின் வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது வார்த்தையாக மாறியது, வார்த்தை ஒப்பாரியாக மாறியது. ஐப்பசி மாதக் காலையில் கிணற்றடியில் தொடங்கியிருக்க வேண்டிய அழுகை, பூட்டிய வீடுகளின் தெரு முழுக்கப் போனது. பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, மாரிக்கனிக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது.